கரையில் பெருகும் விளக்கொளி
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளக்கு என்றாலே நம்மவர்க்கு மங்கலப் பொருள். அந்தி சாயுமுன் விளக்கேற்றாத வீட்டை நாம் வீடென்று கொள்வதில்லை. கடலுக்குச் சென்றவர் மீளும்வரை குடிசை வாயிலில் விளக்கு அணையாது காத்த மூதாட்டியரின் வழிவந்தவர் நாம். அங்ஙனமிருக்க, விளக்கொளியால் விளையும் தீங்கைக் குறித்துப் பேசுமாறு நிர்வாக சபையார் எம்மைப் பணித்தமை சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். காரணம் இதுவே: நம் குப்பங்கள் நான்கினில் கடற்கரை மணலின்மீதே உயர்கோபுர மின்விளக்குகள் நிறுவித் தருமாறு அரசாங்கத்தாருக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்னும் தீர்மானமொன்று அடுத்த பொதுக்கூட்டத்திற்கு வரவிருக்கின்றது. அதனைக் கொண்டுவந்த இளைஞர்களின் நன்னோக்கத்தை யாம் சிறிதும் ஐயுறவில்லை. ஆயினும் எத்தகைய விளக்கு, எவ்விடத்தில், எந்நேரம்வரை என்பவற்றை ஆராயாமல் அத்தீர்மானத்தை அவ்வண்ணமே நிறைவேற்றுதல் தகாது என்பது எம் கருத்து.

இருள் நமக்கு ஒருகாலும் பகையாயிருந்ததில்லை. கட்டுமரம் கொண்டு தொழில் செய்த நம் முன்னோர் விடிவெள்ளியின் எழுச்சி கண்டு பொழுதறிந்தனர். கார்த்திகைக் கூட்டமும் திருவாதிரையும் வானில் நிற்கும் நிலை கண்டு இரவு இன்ன சாமமென்று கணித்தனர். வடக்கே தாழ நிற்கும் துருவ மீனைக் கொண்டு திசை துணிந்தனர். வானில் மின்னுவதற்கும் கடலில் நீந்துவதற்கும் மீன் என்று ஒரே பெயர் இட்ட மொழி நம்முடையது. நிலவுக் காலத்துத் தொழில் வேறு, இருட்டுக் காலத்துத் தொழில் வேறு என்று பிரித்து வைத்ததும் பட்டறிவினாலேயாம். அமாவாசையை அடுத்த இரவுகளில் மீன் கூட்டம் ஓடும்போது நீர் பளபளவென்று மின்னும். அம்மின்னலைக் கண்டே வலையிறக்குவர். அஃது ஏதோ மாயமன்று. நாக்டிலூகா போன்ற நுண்ணுயிர்கள் அலைப்புண்டபோது உமிழும் ஒளியே அது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னைக் கரையில் அலைகள் நீலமாய் ஒளிர்ந்தபோது நகரத்தார் திரள் திரளாய் வந்து வியந்தனர். நம் கிழவர்கள் வியக்கவில்லை.

இன்று திசைகாட்டும் கருவிகள் பல வந்துவிட்டன, விண்மீன் எதற்கு என்று வினவலாம். விண்மீனை விடுங்கள், கலங்கரை விளக்கத்தைக் கேட்கின்றோம். அஃது இத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னும் என்னும் கணக்கைக் கொண்டன்றோ இரவில் இன்ன ஊர்க் கரையென்று அறிகின்றோம்? கரை நெடுகிலும் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி வரிசை வரிசையாய் எரியுமாயின், அவற்றினிடையே அவ்வொரு விளக்கத்தையும், துறைமுக வாயிலின் சிவப்புப் பச்சை விளக்குகளையும் பிரித்தறிதல் எத்துணைக் கடினமென்பதை இரவில் கரை திரும்பும் நம் பிள்ளைகளைக் கேட்டாற் சொல்லுவர்.

இனி, யாம் சற்று விரித்துக் கூற விரும்புவது கடலாமைகளைப் பற்றியாகும். நம் கரைக்கு மிகுதியாய் வருவது பங்குனி ஆமை. மார்கழிக் கடைசி தொடங்கிப் பங்குனிவரை பெண்ணாமைகள் இரவில் கரையேறி, அலை எட்டாத மணலில் பின்துடுப்புகளாற் குழி பறித்து, நூறு அல்லது நூற்றிருபது முட்டையிட்டு, மணலால் மூடித் திரும்பிப் பாராமற் கடலுக்குச் சென்றுவிடும். ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் அம்மணற்சூட்டிலேயே குஞ்சு பொரிக்கும். பொரித்தவை உடனே வெளிவருவதில்லை. மேல்மணல் குளிருமட்டும் அடியிற் காத்திருந்து, பெரும்பாலும் இரவில், ஒன்றாய்க் கூடி மேலே வரும். ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை நீளமே இருக்கும்.

தாய் உடனில்லை, வழிகாட்டுவார் எவருமில்லை. கடல் எப்பக்கம் என்பதை அவை எங்ஙனம் அறிகின்றன? தாழ்ந்த அடிவானத்தில் எப்பக்கம் வெளிச்சமாயிருக்கின்றதோ அப்பக்கம் நோக்கி ஊர்தலே அவற்றின் இயல்பு. இயற்கையான இரவில் கடற்பரப்பு வானொளியைத் திருப்பி அனுப்புவதால் கடற்பக்கமே வெளிச்சம்; தரைப்பக்கத்தில் மணல்மேடும் தாழையும் சவுக்கும் கருத்துயர்ந்து நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலாமைக் குஞ்சுகளைக் கடலிற் சேர்த்தது இக்குறிப்பேயாம். தரைப்பக்கத்தில் ஓர் உயர்கோபுர விளக்கு எரியத் தொடங்கியதும் இது தலைகீழாகின்றது. குஞ்சுகள் கடலுக்குப் புறங்காட்டி விளக்கை நோக்கி நடக்கின்றன. உடலில் எஞ்சிய மஞ்சட்கருவின் வலிமை முழுவதையும் அவ்வீண் நடையிற் செலவிட்டு, நாய்க்கும் நண்டுக்கும் இரையாகின்றன. சாலையில் வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன. தப்பியவை காலை வெயிலில் உலர்ந்து மடிகின்றன. முட்டையிட வரும் தாயாமையும் ஒளிமிக்க கரையைக் கண்டால் ஏறாது திரும்பிவிடுவதுண்டு.

சென்ற பருவத்தில் நம் குப்பங்களுள் ஒன்றில், விடியலில் வலை உலர்த்தச் சென்ற சிறுவர்கள், அண்மையிற் கட்டப்பட்ட தங்கும் விடுதியொன்றின் மதிலடியில் முப்பதுக்கு மேற்பட்ட குஞ்சுகளைப் பொறுக்கினர். அவற்றுள் உயிரோடிருந்தவை ஒன்பது. மதிலின்மேல் வரிசையாய் எரிந்த விளக்குகள் விருந்தினர் கடலைக் கண்டு களிப்பதற்காம்! விளக்கின் பின்னிருந்து பார்ப்பவர்க்கு இருண்ட கடல் தெரியாது என்பதை அவ்விடுதியார்க்கு யாரேனும் எடுத்துரைத்தால் நலம்.

சென்னையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் சிலர் சங்கமாய்க் கூடி, பருவகால இரவுகளில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர்வரை மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துக் காவலுள்ள இடத்திற் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். இத்தொண்டிற்கு ஒரு பெருங்காரணம் கரையொளியே. இருள் நிலவும் கரையாயின் குஞ்சு தானே வழி கண்டு செல்லும். நாய் பன்றிகளினின்று காத்தலொன்றே போதும். இவ்விடத்தில் நடுநிலையோடு ஒன்று சொல்லவேண்டும். 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் இறந்து ஒதுங்கினவே, அது விளக்கினாலன்று. இழுவலையிற் சிக்கி மூச்சடைத்து இறந்தவையே அவற்றுட் பல. அதைக் குறித்து நம் சங்கம் தனியே பேசவேண்டும். ஒரு பக்கம் வலையாலும் மறுபக்கம் விளக்காலும் தாயையும் சேயையும் ஒருங்கே இழப்போமாயின் பங்குனி ஆமை என்னும் பெயர் மட்டுமே நம் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

ஒளியைக் குறித்த வழக்கு நமக்குப் புதிதுமன்று. ஜெனரேட்டர் வைத்துப் பெரும் எல்.இ.டி. விளக்குகளை நீரின்மீது பாய்ச்சி, குஞ்சு குளுவான்வரை ஈர்த்துச் சுருக்குவலையால் வாரிச் சென்ற படகுகளை எதிர்த்து நம்மவர் எத்தனை ஊர்வலம் போயினர்! 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மத்திய அரசாங்கம் நாட்டின் தனிப் பொருளாதாரக் கடற்பரப்பு முழுவதும் அத்தொழிலைத் தடை செய்தது. கடலில் ஒளி பாய்ச்சுவது மீனின் இயல்பைக் கெடுக்கும், சிறுதொழிலாளர் வயிற்றில் அடிக்கும் என்று அன்று வாதித்தவர் நாமே. கடலுக்கு ஒரு நியாயமும் கரைக்கு ஒரு நியாயமும் பேசினால் அதிகாரிகள் நகையாரோ?

உலகெங்கும் இந்நிலையே. 2016ஆம் ஆண்டில் வெளியான உலக வானொளிப் படத்தின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் தம் ஊரிலிருந்து பால்வீதியைக் காண இயலாதவராயினர். 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணாற் கண்டு குறித்தனுப்பிய விண்மீன் கணக்குகளை, பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தவற்றை, ஆராய்ந்து 2023இல் வெளியிட்டனர். வானத்தின் செயற்கையொளி ஆண்டுதோறும் 100க்கு 9.6 வீதம் பெருகுகின்றதென்பது அதன் முடிவு. இவ்வேகத்தில், 250 விண்மீன் தெரியும் ஊரிற் பிறந்த குழந்தை 18 வயதில் அதே ஊரில் ஏறக்குறைய 100 விண்மீனே காணும். நம் சென்னையையே பாருங்கள். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாராய்ச்சி நிலையத்திலிருந்துதான் 1867இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டுபிடித்தார். இன்று அதே இடத்தில் நின்று வானை நோக்குபவர்க்குத் தெரிவது சாம்பல் நிறமான மங்கற் போர்வையே. வானாராய்வோர் சவ்வாது மலையின் காவலூருக்கும், லடாக்கின் ஹான்லேவுக்கும் சென்றுவிட்டனர். நாம் கரையை விட்டு எங்கே செல்வது?

மனித உடலுக்கு நேரும் கேட்டையும் சிறிது கூறுவோம். நம் உடலில் இரவு பகலை அறியும் கடிகாரம் ஒன்று உண்டு. அஃது இயங்கும் முறையைக் கண்ட மூவருக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவில் மூளையில் மெலடோனின் என்னும் சுரப்பு ஊறி, உடலுக்கு இரவென்று அறிவிக்கின்றது. கண்ணில் வீழும் ஒளி, அதிலும் நீலம் கலந்த வெள்ளொளி, அச்சுரப்பைத் தடுக்கும். கண் விழித்து இரவில் வேலை செய்தலைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவற்றுள் ஒன்றென உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007இலும் மறுபடி 2019இலும் வகுத்துள்ளது. தெருவிளக்கு மட்டுமே அந்நோயைத் தருமென்று யாம் சொல்லவில்லை; அங்ஙனம் மிகைபடக் கூறுதல் முறையன்று. ஆனால் நள்ளிரவில் எழுந்து கடலுக்குச் செல்பவர் முன்மாலையில் உறங்கும் சில மணி நேரமும், ஓலைக் கூரையின் இடுக்கினூடே கோபுர விளக்கு முகத்திலடிக்குமாயின், என்ன உறக்கம்?

இனித் தாய்மார்களின் கேள்விக்கு வருவோம். விடியற்காலம் மூன்று மணிக்குக் கூடை சுமந்து மீன் இறங்குதுறைக்குச் செல்பவர் அவர்; இருளில் நாய்க்கும் பாம்புக்கும் தீயோர்க்கும் அஞ்சுபவர் அவர். விளக்கே வேண்டாமென்று அவரிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை, யாமும் சொல்லவில்லை. யாம் சொல்வது வேறு. இருளுக்குப் பழகி முழுப்பார்வை பெறக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடமாகும். கூசும் விளக்கொன்றை ஒருமுறை நோக்கினால் அப்பழக்கம் நொடியிற் போய்விடும். உயர்கோபுரத்தின் வட்டத்திற்குள் பகல்போலிருக்க, படகுகளின் மறைவிலும் சந்து மூலையிலும் முன்னைவிடக் கரிய நிழல் விழுகின்றது. ஒளியில் நிற்பவர்க்கு அந்நிழலில் நிற்பவன் தெரியான், அவனுக்கோ இவர் நன்றாய்த் தெரிவர். இது காவலாகுமா? தாய்மார் நடப்பது சந்திலும், பேருந்து நிறுத்தத்திற்குப் போகும் வழியிலும், இறங்குதுறையிலும். விளக்கும் அங்கேதான் வேண்டும். ஆளில்லா மணல்வெளிக்கும் கடலுக்கும் அன்று.

ஆதலின் தீர்மானத்தைத் தள்ளவேண்டா, திருத்தவேண்டும் என்று முன்மொழிகின்றோம். உயர்கோபுரத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த கம்பங்கள். ஒளி பக்கவாட்டிலும் மேலும் சிதறாது தரையில் மட்டும் விழும்படி மூடி. வெள்ளைக்குப் பதிலாக மஞ்சட்செம்மை நிறம். நிறத்தை ஏன் வற்புறுத்துகின்றோமெனில், காற்றில் நீல ஒளியே மிகச் சிதறி வானை நிரப்புகின்றது. ஆமைக் குஞ்சையும் அதுவே மிக இழுக்கின்றது. அமெரிக்க நாட்டுப் புளோரிடாக் கரையில் பல ஊர்கள் இதனைச் சட்டமாகவே கொண்டு, விளக்கைத் தாழ்த்து, மூடு, செம்மஞ்சளாக்கு என்று கட்டளையிட்டிருக்கின்றன. கடற்பக்க விளக்குகள் தை முதல் வைகாசிவரை இரவு பதினொரு மணிக்குமேல் அணைந்திருக்கட்டும். இறங்குதுறையில் மட்டும் ஆள் நடமாட்டம் உணர்ந்து எரியும் விளக்கு அமைத்தால் மூன்று மணிக் கூடைக்கும் இடையூறில்லை. மின்சாரச் செலவும் இதனால் ஏறாது, குறையவே செய்யும். பொக்கிஷதாரர் இதனைக் குறித்துக்கொள்வாராக. நம் சங்கத்துக் கலியாண மண்டபத்தின் மொட்டைமாடியில் கடலை நோக்கி எரியும் நான்கு பெருவிளக்குகளும் இத்திருத்தத்தில் அடங்கும். அவற்றை வைத்திருந்துகொண்டு விடுதிக்காரரிடம் பேசச் செல்லுதல் நம்மால் இயலாது.

பருவம் மார்கழிக் கடைசியில் தொடங்குமாதலால், விண்ணப்பம் ஐப்பசிக்குள் மின்வாரியத்தாரிடமும் வனத்துறையாரிடமும் சேரவேண்டும். நம் இளைஞர் இருவர் மூடியிட்ட செம்மஞ்சள் விளக்கொன்றையும் வழக்கமான வெள்ளை விளக்கொன்றையும் கொண்டுவந்திருக்கின்றனர். கூட்டம் கலைந்ததும் பின்முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எரித்துக் காட்டுவர். தாய்மார்கள் முதலில் வந்து, எதன்கீழ் எதிரே வருபவர் முகம் நன்றாய்த் தெரிகின்றதென்று தாமே பார்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.