வாக்குரிமையும் வாழ்க்கை மதிப்பும்



செல்வம் வளர்ந்த தேசத்திலேயே ஜனநாயகம் வேரூன்றி நிலைக்கும் வாய்ப்பு மிகுதி என்று அமெரிக்கப் பேராசிரியர் லிப்செட் 1959-இல் எழுதினார். பின்னர் வந்த ஆய்வாளர் இங்கில்ஹார்ட், பிழைப்பைப் பற்றிய அச்சம் நீங்கி வளர்ந்த தலைமுறையே தன் விருப்பப்படி வாழவும் ஆட்சியாளரைக் கேள்வி கேட்கவும் துணிகிறது என்று, பல நாட்டு மக்களிடம் திரட்டிய கருத்துகளைக் கொண்டு வாதித்தார். இருவர் கூற்றிலும் சத்தியம் உண்டு. ஆயினும் நம் சரித்திரம் அந்த வரிசையில் நடக்கவில்லை. 1952-இல் முதல் பொதுத்தேர்தல் நிறைவுற்றபோது, எழுத்தறிந்தோர் ஐவரில் ஒருவர்கூட இல்லாத இத்தேசத்தில், மிராசுதாருக்கும் அவர் களத்தில் போரடித்த கூலியாளுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு, ஒரே மதிப்புள்ள வாக்கு, கிடைத்துவிட்டது.

வறுமைக்கு நடுவே அனைவருக்கும் சம வாக்கு தரும் இத்துணிவு வந்ததற்குக் காரணம், பணத்துக்கு முன்பே மனம் அசையத் தொடங்கியிருந்தது என்பதே என் கருத்து. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும், பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டத்தைக் களைய வேண்டும் என்றும் தீர்மானித்தது. பட்டம் விரைவிலேயே உதிர்ந்தது. சொத்துரிமையோ, 1989-இல் தமிழகச் சட்டமாகும்வரை, அறுபது ஆண்டு காத்திருந்தது.

மனத்தைத் தொடர்ந்து பொருளாதாரமும் அசைந்தது. நம் அண்ணனூருக்கு அடுத்த ரயில் நிறுத்தமான ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று அறிவித்தது. தொடர்ந்து காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. அறுபதுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன. ஊரில் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று பிறர் விதித்த கட்டளைக்கு அடங்கியிருந்த குடும்பத்தின் பிள்ளை, இங்கே கேண்டீனில் எல்லாரோடும் ஒரே பெஞ்சில் அமர்ந்து உண்டான். தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசினான். பின்னாளில் அத்தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடைக் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குச் சென்ற பெண்கள், தம் சம்பளத்தின் பலத்தால் தம் கல்யாணப் பேச்சில் தாமும் ஒரு வார்த்தை சொல்லத் தலைப்பட்டனர். பொருளாதாரம் செய்த பேருபகாரம் இதுவே: முன்பே விதைத்த சமத்துவத்துக்கு அது நிற்க நிலமும் உண்ணச் சோறும் கொடுத்தது.

ஆனால் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்ட மாற்றமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது இம்மேடைக்குத் தகாது. சங்கத்தில் சமத்துவம் முழங்கியவரே, மாடிப் பகுதியை வாடகைக்கு விடும்போது வருபவரின் சாதியை மெல்ல விசாரிக்கிறார். மகன் காதலித்த பெண்ணின் குலம் கேட்டு வீட்டுக் கதவைச் சாத்துகிறார். 2016-இல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று தமிழகம் சட்டம் இயற்றிய பின்னும், தேர்ந்தெடுக்கப்பட்டவள் கையொப்பமிட, கணவர் முடிவெடுக்கும் வழக்கம் பல ஊர்களில் நீடிக்கிறது. அவளை நாற்காலியில் அமர்த்தும் வல்லமை சட்டத்துக்கு உண்டு. அந்நாற்காலியிலிருந்து அவள் தன் குரலில் பேசுவதற்கான பழக்கத்தை, சிறுமியாக அவள் இருந்தபோது அவளிடம் அபிப்பிராயம் கேட்ட வீடுதான் தரவேண்டும். அத்தகைய வீடுகள் இந்த ரயில் பாதையோரக் குடியிருப்புகளில் பெருகவேண்டும் என்பதே, இங்கு வந்திருக்கும் பெற்றோரிடம் நான் வைக்கும் விண்ணப்பம்.