தத்தன் என்ன செய்வான்?

லண்டனில் இந்த அரங்குக்கு நேரில் வந்திருப்பவர்களுக்கும், எங்கெங்கோ அகாலத்தில் விழித்திருந்து நேரலையில் பார்ப்பவர்களுக்கும் நன்றி. சேக்கிழாரையும் பகடை விளையாட்டையும் ஒரே பேச்சில் சேர்ப்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கலாம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே இந்த லண்டனில் மூன்று நண்பர்கள் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஐரோப்பாவில் இதை விற்கும் உரிமையை வாங்கினார்கள். 1978இல் ஹேமர்ஸ்மித்தில் கடையும் திறந்தார்கள். ஆக, இது இந்த ஊருக்கு அந்நியமான சரக்கு அல்ல.

இந்த விளையாட்டில் பாலடின் என்றொரு பாத்திரம் உண்டு. விரதம் பூண்ட வீரன். 1975இல் வந்த முதல் விதிகளின்படி, ஒழுங்குக்கு மாறான ஒரே ஒரு செயல் போதும். பட்டம் போய்விடும், திரும்பக் கிடைக்காது. 1978 விதிநூல் சற்று இறங்கி வந்தது. சிறு பிழைக்குப் பிராயச்சித்தம் உண்டு. தெரிந்தே, விரும்பியே தீமை செய்தால் மட்டும் மன்னிப்பில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் தர வேண்டும். நல்லவர்களோடுதான் சேர வேண்டும். கூட்டத்தில் ஒரு திருடன் இருந்தால், அவன் பூட்டை உடைக்கும்போது நம் ஆள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

கதை நடத்துபவர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி. பகைவர் குகையை வென்றாயிற்று, உள்ளே அவர்களுடைய குழந்தைகள் இருக்கிறார்கள், என்ன செய்வாய்? கொன்றால் கொலை, விட்டால் நாளைக்கு அவை வளர்ந்து ஊரை எரிக்கும். எதைச் செய்தாலும் பட்டம் போகும். இதை நான் தர்மசங்கடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எலிப்பொறி இது. இரண்டு கதவையும் பூட்டிவிட்டு, எந்தக் கதவு வழியாகப் போகிறாய் என்று கேட்கிற வித்தை. ஆடுகிறவனுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கிரெக் ஸ்டாஃபர்ட் 1985இல் வெளியிட்ட பெண்ட்ராகன் இதைவிட ஆழமான விளையாட்டு. ஆர்தர் அரசனின் வீரர்களைப் பற்றியது. அதில் குணங்கள் இரட்டை இரட்டையாக வரும். கருணையும் கொடுமையும் சேர்ந்து இருபது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அரசன் மீதுள்ள விசுவாசத்துக்கு ஓர் எண், குடும்பப் பாசத்துக்கு ஓர் எண். கம்பனின் கும்பகர்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ராமன் பக்கம் வந்துவிடு என்று விபீடணன் அழைத்தால் மறுக்கிறான். ஆனால் தம்பியை அங்கேயே இருக்கச் சொல்கிறான். குலத்துக்கு நீர்க்கடன் செய்ய ஒருவன் மிஞ்ச வேண்டுமே. சாகும்போது ராமனிடமே தம்பியைக் காக்கச் சொல்லி வேண்டுகிறான். தன் விரதம் தனக்கு மட்டும்தான் என்ற தெளிவு அவனுக்கு இருந்தது. விளையாட்டு மேசையில் நான் அதிகம் பார்க்காத தெளிவு அது.

இப்போது பெரியபுராணம். ஏனாதிநாதர் வாள் வித்தை கற்றுத் தருபவர். தோற்றுப்போன அதிசூரன் தனித்துச் சண்டைக்கு அழைக்கிறான். நெற்றியில் திருநீறு பூசி, கேடயத்தால் மறைத்துக்கொண்டு வருகிறான். நெருங்கியதும் கேடயத்தை விலக்குகிறான். நீறணிந்தவரை வெட்ட மாட்டேன் என்பது ஏனாதிநாதரின் விரதம். முடிவு ஒரு கணத்தில் முடிந்துவிட்டது. வாளைக் கீழே போடலாம் என்று நினைக்கிறார். அங்கேதான் சேக்கிழார் நிறுத்துகிறார். போட்டுவிட்டால், ஆயுதமில்லாதவரைக் கொன்ற பழி எதிரிக்கு வரும். எனவே வாளையும் பலகையையும் பிடித்தபடி, போரிடுபவர்போல நிற்கிறார், வெட்டுப்படுகிறார். எப்படித் தோற்றால் எதிரியின் மானமும் கெடாது என்பதல்லவா அவருடைய கேள்வி! எந்த விதிநூலிலும் இதற்குப் புள்ளி கிடையாது.

ஆனாலும் என் மனம் போவது தத்தனிடம்தான். திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார் அரசர். போரில் அவரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன், சிவனடியார் வேடத்தில், புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு வருகிறான். தத்தன் வாசல் காவலன். அரசர் உறங்குகிறார், இப்போது வேண்டாம் என்று தடுக்கிறான். வந்தவன் மீறி நுழைகிறான். எங்கும் இல்லாத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, அரசியையும் விலக்கிவிட்டு, கீழே அமர்ந்து வணங்குகிற அரசரைக் குத்துகிறான். தத்தன் பாய்ந்து வந்து வாளை ஓங்குகிறான். சாய்கிற அரசர் கையால் தடுக்கிறார். இவர் நம்மைச் சேர்ந்தவர், ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்கிறார்.

அரசருக்கு வேடத்தின் மேல் பக்தி. அவர் அதற்காக உயிரையே தருகிறார், சரி. தத்தனுக்கு? அவன் அந்த வேடத்தை நம்பவே இல்லை. அவனிடம் இருப்பது ஒரு கட்டளை மட்டும். வெளியே ஊரே திரண்டு நிற்கிறது, கொலைகாரனைக் கொடு என்று. தன் அரசனைக் குத்தியவனுக்குத் தானே கவசமாகி, தன் ஊர்க்காரர்களுக்கு எதிரே வாளேந்தி நடக்கிறான்.

மேசை விளையாட்டிலும் இதே கணக்குதான். ஒருவனுடைய விரதத்துக்கு மற்ற நால்வரும் விலை கொடுக்கிறார்கள். பாலடின் பொய் சொல்ல மாட்டான், அதனால் எல்லோரும் பிடிபடுவார்கள். 2014 பதிப்பில் விரதத்தை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். பக்தி விரதம், பழிவாங்கும் விரதம் என்று வகைகள் உண்டு. தோழர்களுடைய சம்மதத்தைக் கேட்கும் விதி மட்டும் இல்லை. இந்த அரங்கில் இதை விளக்கவும் வேண்டுமா? நம்மில் எத்தனையோ வீடுகளில், ஒருவர் எடுத்த சத்தியத்துக்கு மற்றவர்கள் முப்பது வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் சரி தவறு பேசவில்லை. விலை யார் கொடுத்தது என்று மட்டும் கேட்கிறேன்.

கதை நடத்துகிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு யோசனை. குகைக் குழந்தைகளை விட்டுவிடுங்கள். பாலடினைக் கதை நடத்துபவரே அரசராக வைத்துக்கொண்டு, ஆடுபவரிடம் தத்தனைக் கொடுங்கள். வாசலில் நிற்கும் கூட்டத்தில் அவன் தம்பியையும் நிறுத்துங்கள். காட்டு எல்லையில் முத்தநாதனை விட்டுவிட்டுத் தத்தன் திரும்பி வர வேண்டும். விட்டாயிற்று என்ற சொல்லைக் கேட்கத்தான் அரசர் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். அந்த எல்லையில் யாரும் பார்க்கவில்லை. தத்தன் கையில் வாள் இருக்கிறது. அரசரிடம் எதைச் சொன்னாலும் அவர் நம்புவார்.

அந்த இடத்தில் பகடையை உருட்டச் சொல்லாதீர்கள். ஆடுகிறவர் வாய் திறக்கும்வரை காத்திருங்கள்.

நேரலையில் கேள்விகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். முதலில் அவற்றை எடுத்துக்கொள்வோம்.