அந்தரங்கமும் அமானிதமே

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஜும்ஆ முடிந்தபின் நம்மிடம் மஸ்அலா கேட்க வருவோரில் சிலர், அண்மைக் காலமாகத் தொழுகை, நோன்பு பற்றியன்றி வேறு வகையான கேள்விகளைக் கொண்டு வருகின்றனர். "ஹஜ்ரத், கேட்கும் இடத்திலெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கலாமா? சிம் வாங்கக் கைரேகை வைக்கச் சொல்கிறார்களே, வைக்கலாமா? நாளை ஆட்சி மாறினால் நம் விவரங்கள் யார் கைக்குப் போகும்?" என்று கேட்கின்றனர். இவை மார்க்கத்திற்குப் புறம்பான கேள்விகள் என்று நாம் கருதவில்லை.

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் உரைத்து, அனுமதி கேட்ட பின்னரே உள்ளே நுழைய வேண்டும் என்பதும், "திரும்பிச் செல்லுங்கள்" என்று கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதும் சூரத்துந் நூரின் 27, 28ஆம் வசனங்கள் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். அதே சூராவின் 58ஆம் வசனம், வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளும் கூட ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும் அனுமதி பெற்றே அறைக்குள் வர வேண்டும் என்கிறது. துருவி ஆராய்வதைச் சூரத்துல் ஹுஜுராத் தடுத்துள்ளது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கதவுக்கு இத்துணை மதிப்பளித்த மார்க்கம் நமது மார்க்கம்.

நம் நாட்டின் நீதிமன்றங்களும் இந்தக் கதவு வழியாகத்தான் இவ்விஷயத்திற்குள் வந்தன. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரின் வீட்டுக்குப் போலீசார் இரவு நேரங்களில் சென்று கண்காணித்து வந்தனர். 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகை செல்லாது என்றது. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் அளித்த உரிமையன்று என்றும் அதே தீர்ப்பில் கூறிவிட்டது. இந்த முரண்பாடு பல்லாண்டுகள் நீடித்தது.

இடையில் நமக்கு அண்மையிலுள்ள திருவான்மியூரைச் சார்ந்த ஒரு வழக்கும் வந்தது. கொலைக் குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஆட்டோ சங்கர், சிறையில் எழுதிய தன் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தது. அதிகாரிகள் தடுக்க முயன்றனர். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரண்டு பக்கமும் கூர்மையுள்ளது. ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி முதலியவற்றை அவர் சம்மதமின்றி வெளியிட எவருக்கும் உரிமை இல்லை என்றது. அதே வேளையில், பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம், அரசு அலுவலர்கள் தம் கடமை சம்பந்தமான செயல்களை அந்தரங்கம் என்று சொல்லி மூடி மறைக்க இயலாது என்றும் கூறியது. இதைச் சற்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் ஜமாஅத்துக்கும் இதில் பாடம் உண்டு.

பின்னர் ஆதார் வந்தது. கர்நாடக உயர்நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி அவர்கள் எண்பது வயதைக் கடந்த நிலையில் 2012இல் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் சாசனத்தின் 21ஆவது ஷரத்து உள்ளிட்ட அடிப்படை உரிமைகளில் அடங்கியதே என்று தீர்ப்பளித்தனர். கரக் சிங் தீர்ப்பின் அப்பகுதி அன்றுதான் நீங்கியது. 2018 செப்டம்பரில் ஆதார் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்ற போதிலும், வங்கிக் கணக்குக்கும் செல்போன் இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்க இயலாது என்று நீதிமன்றம் கூறியது. அரசு மானியத்துக்கும் வருமான வரிக்கும் அது தேவை. ஆகவே சிம் வாங்கச் சென்ற இடத்தில் "ஆதார் இன்றி வேறு அடையாள அட்டை தருகிறேன்" என்று கேட்பது அடாவடியன்று, அது உரிமை. ஆதாரைத் தந்தே ஆக வேண்டிய இடத்திலும், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே எடுத்துக் கொள்ளலாம். நம் கைரேகையைப் பிறர் பயன்படுத்தாதவாறு அங்கேயே பூட்டியும் வைக்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் செய்து தருவார்கள்.

ஆட்சி மாற்றத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஆட்சிகள் வரும், போகும், பட்டியல்கள் நிலைத்திருக்கும். பல்லவபுரம் நகராட்சியாக இருந்த நாம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தோம். நம் வீட்டு வரி ஏடுகள் நம்மைக் கேட்டுக்கொண்டா அலுவலகம் மாறின? இதில் கெடுதல் ஏதுமில்லை. ஆனால் வேறு காலத்தில், வேறு நாட்டில் இதுவே பேரழிவாயிற்று. ஹாலந்து நாட்டு அலுவலர்கள் நல்ல நிர்வாகத்திற்காகத் தம் மக்களின் மதத்தையும் குறித்துப் பதிவேடுகளைப் பேணி வந்தனர். 1940இல் நாட்டைப் பிடித்த ஜெர்மானியர் அப்பதிவேடுகளைக் கொண்டே யூதர்களை இனங்கண்டனர். சுமார் 1,40,000 பேரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து எதிர்ப்பாளர்கள் தங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கே தீ வைக்க நேர்ந்தது. எழுதியவர் நல்லவரா என்று மட்டும் பார்ப்பது போதாது; அடுத்து அதை யார் படிப்பார் என்றும் பார்க்க வேண்டும்.

தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்ற செயலியை நம்மில் பலர் அறிவர். அதைப் பயன்படுத்தியோர் எங்கெங்கு சென்றனர் என்ற விவரம், எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்தின் வழியாக அமெரிக்க ராணுவம் வரை சென்றதாக 2020 நவம்பரில் செய்தி வெளியானது. அச்செயலியினர் உடனே அந்த நிறுவனத்துடனான தொடர்பை முறித்துக் கொள்வதாக அறிவித்தனர். கிப்லா பார்க்கத் திறந்த வாசல் எங்கெல்லாம் இட்டுச் சென்றது பாருங்கள்!

நம் நாட்டில் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. விவரங்களைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் மத்திய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களிக்கலாம். காவலுக்கு நிற்பவனுக்கே சாவியைத் தந்து கணக்கும் கேட்காமல் விடுவது போன்றது இது. இவ்விலக்கைக் குறைக்கும்படி நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்பது, கட்சி பேதமின்றி நாம் செய்ய வேண்டிய காரியம்.

அரசாங்கத்தைக் கேட்கும் நாம், நம் பீரோவையும் திறந்து பார்க்க வேண்டும். அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி, ராதா நகர்ப் பகுதிகளில் வாழும் நாம் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். சொந்த ஊர் ஜமாஅத்தைப் போல் மூன்று தலைமுறை அறிந்தவர்கள் அல்லர். ஆகவே நிக்காஹுக்கும், மய்யித் அடக்கத்திற்கும், ஜகாத் பங்கீட்டிற்கும் எழுத்துப் பதிவு இன்றியமையாதது. அதன் பயனாக, எந்த வீட்டில் தலாக் நடந்தது, எந்தப் பெண் குலா கேட்டாள், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பவை எல்லாம் நம் தஃப்தரில் இருக்கின்றன. தாளில் இருக்கும் வரை அச்சட்டம் அதைத் தீண்டாது; அதைச் செல்போனில் படம் பிடித்த நிமிடம் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடும். அமானிதமோ தாளாயினும் போனாயினும் ஒன்றே.

ரமளானில் அரிசிப் பை வாங்கும் ஏழை சகோதரியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் பல ஊர்களிலும் பரவியுள்ளது. மறைவாகக் கொடுப்பது மேல் என்றும், கையேந்தாத மானத்தால் வசதியுள்ளவரைப் போல் தோன்றும் ஏழைகள் உண்டு என்றும் சூரத்துல் பகரா சொல்லியிருக்க, அந்த மானத்தையே நாம் படம் பிடிக்கலாமா? 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக வலைத்தளங்களிலிருந்து எடுத்து, 'ஏலம்' என்று போட்டு இழிவு செய்த கொடுமையை நாடே கண்டது. ஒரு படம் குழுவை விட்டு வெளியேறினால் அதைத் திரும்ப அழைக்க நம்மில் எவராலும் இயலாது.

திருமண விசாரிப்பில் கேட்பவருக்கு உள்ளதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் உள்ளதை மறைக்கவில்லை. ஆனால் கேட்ட அவருக்கு, அவருக்குத் தேவையான அளவு மட்டுமே சொன்னார்கள்.

எனவே நிர்வாகத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கின்றோம். நிக்காஹுக்கு மறைக்கப்பட்ட ஆதார் நகலே போதும் என்று அறிவியுங்கள். ஜகாத் பெறுவோர் பட்டியலைச் செயலாளரும் பொருளாளரும் தவிர வேறெவரும் காணலாகாது. உதவி பெறுவோரைப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். மக்தப் பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் பெற்றோர் எழுதித் தந்தாலன்றி இம்மலரில் கூடப் போட வேண்டாம். 18 வயதுக்குட்பட்டோரின் விவரத்திற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அச்சட்டத்திலும் உள்ளது. வரவு செலவுக் கணக்கு மட்டும் எந்நாளும் திறந்தே இருக்கட்டும். அந்தரங்கம் என்ற பெயரால் அதை மூடுவதற்கு, திருவான்மியூர் வழக்கின் தீர்ப்பிலும் இடமில்லை, ஷரீஅத்திலும் இடமில்லை.

இக்கோரிக்கைகள் இன்றே தீர்மானமாக வாசிக்கப்படும் என்று தலைவர் அவர்கள் கூறியுள்ளார்கள். தம் குடும்பப் பதிவில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று பார்க்க விரும்புவோர், ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலக அறைக்கு வந்து தத்தம் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருத்திக் கொள்ளலாம்.