த்வாண்டேயிலிருந்து இன்செயினுக்கு: பர்மாவில் கைதிக்காக வாதாடுபவர்கள்

(நம் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



யாங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்து டலா வழியாப் போனா த்வாண்டே வரும். பானை செய்யும் ஊர். அங்கே உள்ள கால்வாய் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டினது. டெல்டாவையும் யாங்கூனையும் இணைக்கிற நீர்வழி. அந்த டெல்டா நெல் நிலத்தில் 1930களின் கடைசியில் ஏறக்குறைய கால்வாசி நம்ம செட்டியார்கள் கையில் இருந்தது. தமிழர்களா பர்மாவைப் பத்திப் பேசும்போது இதையும் சொல்லிட்டுத்தான் பேசணும்.

த்வாண்டேயில் ஒரு குயவர் வீட்டுப் பொண்ணு குற்றவியல் வழக்கறிஞர் ஆகணும்னு வெச்சுக்குவோம். 1988-க்குப் பிறகு ராணுவம் பல்கலைக்கழகங்களைத் திரும்பத் திரும்ப மூடியது. மாணவர்கள் ஓரிடத்தில் கூடக்கூடாது, அவ்வளவுதான். அதனால் சட்டம் படித்த பலர் தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள். பட்டத்துக்குப் பிறகு ஒரு வருஷம் சீனியர் ஒருவரிடம் தொழில் பழகி, ஹையர் கிரேடு பிளீடர் உரிமம் வாங்கணும். (தமிழ்நாட்டில் தாத்தாக்களோட போன 'பிளீடர்' அங்கே இன்னும் உயிரோட இருக்கார்!) அதுக்கும் மேல்படிதான் அட்வகேட்.

அவள் படிக்கும் சட்டம் நமக்கு அந்நியம் இல்லை. 1860 தண்டனைச் சட்டம், 1872 சாட்சியச் சட்டம். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம் இல்லையா, அதோட மிச்சம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகக் காட்ட முடியாதுன்னு அந்தச் சாட்சியச் சட்டமே சொல்லுது. அவளும் அதைப் படிச்சிருப்பாள்.

போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: ஆளும் வர்க்கத்தின் நீதிமன்றத்தில் வாதாடி என்ன ஆகப்போகுது? நியாயமான கேள்விதான். பர்மாவிலேயே அதுக்கு ஒரு பழைய வழக்கு இருக்கு. 1930 டிசம்பரில் தாராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். நெல் விலை விழுந்துபோச்சு, தலைவரி கட்டணும், கடன் கழுத்தை நெரிக்குது. அந்தக் கடனில் நம்மவர்கள் பங்கும் உண்டு. 1931இல் சாயா சானுக்காக வாதாடியவர் பா மாவ், லண்டனில் பாரிஸ்டருக்கும் பிரான்ஸின் போர்தோவில் டாக்டர் பட்டத்துக்கும் படித்தவர். அவர் ஒண்ணும் புரட்சியாளர் இல்லை. வழக்கு தோற்றது, நவம்பரில் சாயா சானைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் விசாரணை நாட்டுக்கே தெரிந்து நடந்தது. 1937இல் பா மாவ் பர்மாவின் முதல் பிரதமர் ஆனதுக்கு அந்த வழக்கில் கிடைத்த பேரும் ஒரு காரணம்.

இன்னிக்கு அந்த வெளிச்சமே இல்லை. 2021 பிப்ரவரி 1 ராணுவக் கவிழ்ப்பு. அடுத்த இரண்டே வாரத்தில் 505(ஏ) என்ற புதுப் பிரிவு. அச்சத்தை உண்டாக்கினாலோ, பொய்ச்செய்தி பரப்பினாலோ மூணு வருஷம் வரை சிறை. எது பொய்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. அரசியல் வழக்குகளை இன்செயின் போன்ற சிறைகளுக்குள்ளேயே மூடிய அறையில் விசாரிக்கிறார்கள். பத்திரிகையாளர் போக முடியாது, குடும்பம் போக முடியாது. உள்ளே போய் வெளியே வரும் ஒரே ஆள் வழக்கறிஞர். பிள்ளை உயிரோட இருக்கானா, அடிச்சிருக்காங்களான்னு அம்மாவுக்குச் சொல்றது அவர்தான்.

வழக்கறிஞர்களையே குறிவைப்பது ஏன்னு இங்கேதான் புரியுது. ஆங் சான் சூச்சியின் வழக்கறிஞர் கின் மாங் ஸாவ் 2021 அக்டோபரில் வழக்கைப் பத்திப் பேசவே தடை விதித்தார்கள். கட்சிக்காரருக்காக வாதாடப் போனவர்களே கைதாகியிருக்கிறார்கள். இது புதுசும் இல்லை. ராபர்ட் சான் ஆங் 1993இல் உரிமத்தை இழந்து 2012இல்தான் திரும்பப் பெற்றார். நடுவில் பத்தொன்பது வருஷம்! 2022 ஜூலையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் பியோ ஸெயா தாவும் கோ ஜிம்மியும் உண்டு. தீர்ப்பு ராணுவத் தீர்ப்பாயத்துடையது, வெளி நீதிமன்றத்துக்கு மேல்முறையீடே கிடையாது.

அந்தத் தோழருக்கு என் பதில் இதுதான்: பல வழக்குகளில் விடுதலை கிடைக்காது, வழக்கறிஞருக்கும் அது தெரியும். தெரிந்தே குறுக்கு விசாரணை செய்து, "இந்த வாக்குமூலம் சட்டப்படி செல்லாது"ன்னு பதிவேட்டில் ஏற்றுகிறார். அடித்து வாங்கினதுன்னு பின்னாடி காட்ட அந்த ஒரு வரியாவது இருக்கும்.

505(ஏ)-யைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருக்கேன். ஒரு பக்கம்தான், இப்போ சேர்ந்து படிக்கலாம்.