இல்லத்துப் பொழுது



‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் நலம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். தெய்வமும் உணவும் மரமும் புள்ளும் தொழிலும் அவற்றின் பின்னரே கருப்பொருளாக வருகின்றன. அவ்வாறு முதலிடம் பெற்ற பொழுதை, எப்படியேனும் போக்கித் தொலைக்க வேண்டிய ஒன்றாக இன்றைய வழக்குக் கருதுகிறது. சொல்லில் குறையில்லை, அது வழங்கும் இல்லங்களில்தான் ஏதோ பிழைபட்டிருக்கிறது.

நாவலூரின் மாலை இதற்கு நல்ல சான்று. திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர் பிறந்த திருநாவலூர் வேறு. அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இது பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் இடையே உள்ள நாவலூர். வயலும் ஏரியுமாக இருந்த சிற்றூர், சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தபின் அடுக்குமாடிகளின் ஊராயிற்று. சாலைக்கு 2008இல் ராஜீவ் காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. மக்கள் நாவிலோ அது இன்றும் ஓ.எம்.ஆர். தான். நாவலூர்ச் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்குவது 2023 அக்டோபரில் நின்றது. அந்தச் சாலைக்கு அன்றாடம் செலுத்தும் நேரத்துக்கு மட்டும் இன்னும் விலக்குக் கிடைத்தபாடில்லை.

மாலை, முல்லைக்கு உரிய சிறுபொழுது. வினைமேற் சென்றவன் மீள்வான் என இல்லிலுள்ளோர் ஆற்றியிருக்கும் நேரம் அது. அவ்வகையில் நாவலூர் முழுவதையும் முல்லைத்திணை எனவே கொள்ளலாம். சங்கத் தலைவன் தேர்ப்பாகனை விரையச் சொன்னான். இன்று தலைவனும் தலைவியும் இருவேறு அலுவலகப் பேருந்துகளில் நெரிசலில் சிக்கி நிற்கின்றனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று வந்தவன் முழுமையாக வந்து சேர்ந்தான். இன்று வந்தவரின் கையோடு அலுவலகமும் வீட்டுக்குள் நுழைகிறது. இங்கே இரவு தொடங்கும்போது அமெரிக்காவில் பகல் தொடங்குகிறது. உணவு மேசையிலிருந்து ஒருவர் எழுந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இத்தகைய இல்லங்களுள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பன்னிரண்டாம் மாடியில் நான்கு பேர்: மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஆச்சி. தாத்தா மறைந்தபின் தனியே இருக்க வேண்டாமென்று மகன் அழைத்து வந்தான். அன்பு குறைந்த வீடன்று அது. மருந்து தவறுவதில்லை, தனியறை உண்டு, கூடத்தில் பெரிய தொலைக்காட்சி உண்டு. ஆனால் ஒரு நாளில் ஆச்சியை நோக்கி எழும் வினா ஒன்றே ஒன்று: “அம்மா, சாப்பிட்டாயா?” ஆச்சியின் விடையும் ஒரே சொல். வாய்க்கால் படித்துறையிலும் வீட்டுத் திண்ணையிலும் நாள் முழுதும் பேசிய வாய், ஓராண்டுக்குள் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டது. மறதி நோயோ என ஐயுற்று மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். நோய் எதுவும் இல்லை என்றார் அவர். பேசுவதற்கு ஆச்சியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை; குறை அவ்வளவே.

குடும்பத்துக்கு எந்தப் பொழுதுபோக்கு ஏற்றது, விடுமுறைக்கு எங்கே செல்லலாம் என்று வினவுவோர் பலர். ஓய்வு எவ்வளவு கிடைக்கும், செலவு எவ்வளவு ஆகும் என்றே அவர்கள் கணக்கிடுகின்றனர். வேறோர் அளவுகோலும் உண்டு. அந்த வீட்டில் பேச்சற்றுப் போனவர் யார், எங்கே சென்றால், எதைச் செய்தால் அவர் வாய் திறப்பார் என்பது அது. சில வீடுகளில் அவர் ஆச்சி. சில வீடுகளில் பதினைந்து வயது மகன். பல வீடுகளில், வெளியே சொல்லப்படாவிட்டாலும், மருமகள்.

மருமகளைப் பற்றிக் குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. கூடலூர் கிழார் பாடியது. புதுமணம் புரிந்த பெண் புளித்த தயிரைப் பிசைந்து குழம்பு வைக்கிறாள். பழக்கம் போதாமையால் கையை ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணைச் சூழ்கிறது. கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் உள்ளூர மலர்கிறது. வெளியே அது நுட்பமாகவே தெரிகிறது. செவிலி அதைக் கண்டுவந்து நற்றாய்க்குச் சொல்கிறாள். தயிர்க்குழம்பும் ஒற்றைச் சொல்லும் அன்றி அப்பாட்டில் வேறு செல்வம் எதுவும் இல்லை. வாசலுக்கு வந்து சேரும் உணவுப் பொட்டலத்தை ஏசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இருவரும் உழைக்கும் வீட்டுக்கு அது பெரும் உதவியே. வாங்கி வந்த உணவாயினும் சேர்ந்து அமர்ந்து உண்டு, இனிது என்று சொல்லலாமே.

அந்த வீட்டுக் கதைக்கு மீள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்காடி வளாகத்துக்குச் செல்வதாக இருந்தது. பேத்திக்குப் பள்ளியில் ‘பழங்கால வீடுகள்’ பற்றி எழுதப் பணித்திருந்தமையால் முட்டுக்காட்டுக்குப் போயினர். கேளம்பாக்கம் சென்று கிழக்கே திரும்பிக் கோவளம் வழியாக வடக்கே வந்தால் கடற்கரைச் சாலையில் தட்சிணசித்ரா. 1996இல் திறக்கப்பட்ட இடம். கட்டட வடிவமைப்பில் லாரி பேக்கரின் கைவண்ணம் உண்டு. தென்னாட்டின் பழைய வீடுகள் சிலவற்றை அவை நின்ற ஊர்களிலேயே பிரித்தெடுத்து வந்து, கல்லும் மரமும் மாறாமல் இங்கே மீண்டும் எழுப்பியிருக்கின்றனர். செட்டிநாட்டு வணிகர் இல்லம், நெசவாளர் இல்லம், குயவர் இல்லம் எனத் தமிழ்நாட்டுப் பகுதியே ஒரு சிற்றூர்போல் விளங்குகிறது.

ஆச்சி ஒரு திண்ணையைக் கண்டதும் அமர்ந்துவிட்டார். கால்வலி என்று எண்ணினான் மகன். கால்வலி அன்று. வழிப்போக்கர் படுத்துறங்கத்தான் திண்ணையின் ஓரத்தில் தலையணைபோல் சற்றே உயர்த்திக் கட்டுவது வழக்கம் என்று பேத்தியிடம் சொல்லத் தொடங்கினார். முன்பின் அறியாதவர் நம் வீட்டில் உறங்குவாரா என்று வியந்தாள் சிறுமி. உறங்குவார், மோரும் கேட்பார் என்றார் ஆச்சி. பின்னர் முற்றம். மழைநாளில் முற்றத்துத் தண்ணீரை அண்டாவில் பிடித்தது, வடகத்தைக் காக்கை தூக்கியது, தாத்தா முதன்முதலாகப் பெண்பார்க்க வந்தபோது எந்தத் தூணின் பின்னே ஆச்சி மறைந்து நின்றார் என்பது! தூண்கதை மகனுக்கும் புதியது. நாற்பது வயதில் தன் தாயைப் பற்றி ஒரு செய்தியை அன்றுதான் அவன் அறிந்தான். எழுதுகோலை எடுத்த பேத்தி அதை மூடவே இல்லை.

அவ்விடத்துக்குச் செல்ல எண்ணுவோர் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவிற்கொள்க. முதியோருடன் செல்வதாயின் காலையிலேயே சென்று, வெயில் ஏறுமுன் இரண்டு வீடுகளைப் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்னும் வேகமே பயணங்களைக் கெடுக்கிறது. கழிப்பறை எங்குள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நாகரிகக் குறைவன்று. அந்தக் கவலையாலேயே ‘நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்’ என்று வீட்டிலிருந்துவிடும் தாய்மார் மிகப் பலர்.

பயணம் என்றாலே தொலைவு என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. ஏ.கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகின் பல நாடுகளுக்கும் சென்று படச்சுருள் திரட்டியவர். 1940இல் அப்படம் வெளிவந்தது. உலகம் சுற்றிய அத்தமிழர் பின்னாளில் தம் ‘குமரிமலர்’ இதழுக்காகவும் நூலுக்காகவும் தேடித்தேடித் தொகுத்தவற்றுள் முதன்மையானவை, நம்மூர்களுக்கு நம்மவர் சென்றுவந்த பழைய பயணக் குறிப்புகள். நாவலூரார்க்குத் திருப்போரூர் முருகனும் திருவிடந்தைப் பெருமாளும் அருகிலேயே உள்ளனர். கார்த்திகை முதல் மாசி வரை அதிகாலையில் புறப்பட்டால் மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல். 1798இலேயே அங்குள்ள பறவைகளுக்குப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட உழவர்கள், ஆணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பறவைகளைக் காத்து வந்தனர். அங்கே உரக்கப் பேசலாகாது. ஆதலால் பேசாத மகனை அழைத்துச் செல்லவும் ஏற்ற இடம். அருகருகே நின்று ஒரே தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்க்கும் தந்தையும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்க வேண்டியதில்லை. அந்த வயதில் அது பெரும் ஆறுதல்.

வேடந்தாங்கலும் தொலைவு என்போர்க்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அலுவலகம் செல்லும் வழியிலேயே உள்ளது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது அது. கூழைக்கடாவும் பூநாரையும் நத்தை குத்தி நாரையும் பேருந்துச் சன்னலிலிருந்தே தெரியும். மா. கிருஷ்ணனை ஈண்டு நினைத்தல் தகும். தமிழின் தொடக்ககால நாவலாசிரியருள் ஒருவரான அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996இல் மறையும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றி இடையறாது எழுதியவர். யானையையும் காட்டெருமையையும் பற்றி எழுதிய அதே கருத்துடன் வீட்டுக் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். ஈடுபாட்டுக்குக் காடு வேண்டும் என்பதில்லை. பேத்திக்கு ஒரு குறிப்பேடு, ஆச்சிக்குப் பால்கனியில் ஒரு நாற்காலி. இன்று வந்த பறவை எது என்று மாலையில் ஒருவரையொருவர் கேட்டால் வினா ஒன்று இரண்டாகிறது.

இலக்கிய வட்டத்தின் மேடையில் வட்டத்தொட்டியைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு முற்றம் வட்ட வடிவில் அமைந்தது. அங்கே நண்பர்கள் கூடிக் கவிதையை நுகர்ந்தமையால் அக்கூட்டத்துக்கே அப்பெயர் நிலைத்தது. தலைவர் இல்லை, செயலர் இல்லை, சந்தா இல்லை. கம்பனில் ஒரு பாட்டை எடுத்தால் அதைச் சுவைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் போன்றோர் அங்கே வளர்ந்தவர்கள். பின்னாளில் குற்றாலத்தில் டி.கே.சி. வாழ்ந்தபோது இராஜாஜியும் கல்கியும் அவர் விருந்தினராயினர். அவர் வீட்டு விருந்தோம்பலைப் பற்றி எழுதாதவர் இல்லை. வந்தோர் அனைவர்க்கும் அடுப்படியில் நின்று உழைத்த கைகளைப் பற்றி எழுதியவரே குறைவு. இன்று வட்டத்தொட்டி அமைக்க விரும்புவோர் அவ்வேலையையும் பகிர்ந்துகொள்வாராக. இருபது பேர் வேண்டியதில்லை. எதிர்வீட்டாரும் ஆச்சியும் குழந்தைகளும், வாரம் ஒருமுறை, ஒரு பாட்டோ ஒரு கதையோ போதும்.

அந்தப் பன்னிரண்டாம் மாடி வீட்டில் இப்போது ஞாயிறு மாலைகளில் நான்கு குழந்தைகள் கூடுகின்றனர். ஆனியில் நாவற்பழம் தள்ளுவண்டியில் வந்தது. ஊரின் பெயரிலேயே இம்மரம் உள்ளது என்று ஆச்சி சொல்ல, ஊரில் அம்மரம் எங்கே என்று பேத்தி கேட்க, மகனும் அறியவில்லை, காவலரும் அறியவில்லை. ஔவையிடம் சுட்ட பழமா என்று மாட்டுக்காரச் சிறுவன் கேட்ட கதையைச் சொல்லி, உப்புத் தொட்டு ஆளுக்கு நான்கு பழம் கொடுத்தார் ஆச்சி. அலுவலக அழைப்புக்காக உள்ளே இருந்த மகன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது ஐந்து பேரும் நாக்கை நீட்டி, யாருடையது மிகுந்த நீலம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தனர். ஐந்தாமவர் ஆச்சி.