இருபத்தொன்பதாம் அதிகாரம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறேன். கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்', 1985-ல் வந்தது. நாளைய உலகம் கெட்டுப்போனால் எப்படியிருக்கும் என்று சொல்கிற ரகம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். அட்வுட் காட்டும் அரசாங்கமோ பைபிளையே சட்டப் புத்தகமாக்கிக்கொள்கிறது.

நாட்டின் பெயரே கீலேயாத். பிள்ளைப்பேறு குறைந்துபோன அந்த நாட்டில், பிள்ளை பெறக்கூடிய பெண்களைப் பிடித்து அதிகாரிகளின் வீடுகளில் வைக்கிறார்கள். அதற்கு ஆதாரம் ஆதியாகமம் 30-ஆம் அதிகாரம். பிள்ளையில்லாத ராகேல், தன் வேலைக்காரி பில்காளைக் கணவன் யாக்கோபிடம் அனுப்புகிற இடம். அதிகாரி பூட்டிய பெட்டியிலிருந்து பைபிளை எடுத்து வீட்டார் முன் வாசிப்பார். முடிந்ததும் மறுபடி பூட்டு. பெண்கள் படிக்கவே கூடாது. மலைப்பிரசங்கத்தோடு, வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கும் பாக்கியம் உண்டு என்று ஒரு வரியைச் சேர்த்து ஒலிநாடாவில் போடுகிறார்கள். அது இட்டுக்கட்டியது என்று கதை சொல்கிறவளுக்குத் தெரியும். சரிபார்க்கப் புத்தகம் வேண்டுமே!

நாம் சரிபார்க்கலாம். சாந்தோம் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டிலாவது ஒரு பைபிள் இருந்திருக்கும். ஒரு பக்கம் முன்னே திருப்பினால் 29-ஆம் அதிகாரம். ராகேல் யாக்கோபின் தாய்மாமன் மகள். நம்ம ஊர்க் கணக்கில் முறைப்பெண். அவளுக்காக மாமனிடம் ஏழு வருஷம் வேலை பார்க்கிறான். ஆசையில் அது நாலு நாள் மாதிரி ஓடிவிடுகிறது. மாமன் ஏமாற்றி மூத்தவள் லேயாளைக் கட்டிவைக்க, இளையவளுக்காக இன்னொரு ஏழு வருஷம். தலைப்பிள்ளை பிறந்ததும், இனியாவது புருஷன் தன்னிடம் பிரியமாயிருப்பான் என்று நம்புகிற லேயாளும் அங்கேதான் இருக்கிறாள். இதைப் படித்துவிட்டு 30-க்கு வந்தால், அது சட்டமாகவா தெரிகிறது? ஆசைக்கும் பொறாமைக்கும் நடுவே ஒரு குடும்பம் படுகிற பாடாகத்தான் தெரிகிறது. கீலேயாத்துக்கு அந்த 29 தேவைப்படவில்லை.

நாங்கள் எதை விட்டுவிட்டோம் என்று அதிகாரி ஒருநாள் அவளையே கேட்கிறார். காதலை, என்கிறாள். நிச்சயித்த கல்யாணங்கள் எப்போதும் நன்றாகத்தானே நடந்திருக்கின்றன என்கிறார் அவர்.

இங்கேதான் நமக்குச் சுருக்கென்கிறது. தி.நகரில் முகூர்த்தப் புடவை எடுத்த குடும்பங்கள்தானே நாம்! எனக்கும் நிச்சயித்த கல்யாணம்தான், குறையொன்றுமில்லை. (இதைச் சொல்லாவிட்டால் முன்வரிசையிலிருந்து ஒருவர் முறைப்பார்.) நிச்சயித்தது தப்பில்லை. "பெண்ணைக் கேட்டீங்களா?" என்கிற கேள்வி அந்த அதிகாரி மண்டையில் ஏறவேயில்லை, அதுதான் தப்பு. ஜாதகம் பார்த்து, சவரன் பேசி, மண்டபமும் பிடித்த பிறகு பெண்ணிடம் வருகிற வீடுகள் மயிலாப்பூரில் இன்றும் உண்டு.

பில்காளையும் யாரும் கேட்கவில்லை. அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தவள் ராகேல். பில்காள் பேசியதாக ஆதியாகமத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அட்வுட் அவளைப் பேசவிட்டார், அவ்வளவுதான். அவளும் பெரிய புரட்சியெல்லாம் பேசவில்லை. பிடுங்கிக்கொண்டுபோன மகள், என்ன ஆனான் என்றே தெரியாத கணவன், அம்மா, சிநேகிதி, இவர்களைப் பற்றித்தான் பேசுகிறாள்.

மாணவர்களே, நாவலை நூலகத்தில் கேளுங்கள். பக்கத்தில் பைபிளையும் வைத்துக்கொண்டு 29, 30 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். சண்டை போட வேண்டுமென்றால் மதியப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்காருங்கள்.