கழுத்துக் குழாயோடு வீடு திரும்புவோர்



நூற்றாண்டு விழாவில் இப்படியொரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். தீவகத்தில் நோயாளிக்குப் பக்கத்தில் இரவு விழித்திருப்பவள் பெரும்பாலும் இந்தப் பாடசாலையில் படித்த ஒருத்திதான். அவளுக்காகவே பேசுகிறோம்.

குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கமாக மூச்சுக்குழாயில் துளையிட்டு, வளைந்த சிறு குழாயொன்றைப் பொருத்துவதுதான் ட்ரக்கியொஸ்டமி. தொண்டைப் புற்றுநோய், தலைக்காயம், நீண்டநாள் செயற்கைச் சுவாசம் எனக் காரணங்கள் பல. சுருட்டும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் எங்கள் ஊர்களுக்குப் புதியவையல்ல. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பலருக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்தன. பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் கழுத்துத் துளை வழியாகக் கையால் காற்றுச் செலுத்தச் செய்தார். இயந்திரங்கள் போதவில்லை. மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையை அமுக்கி அந்த உயிர்களைப் பிடித்து வைத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அது.

வீட்டுக்கு வருவோம். மூக்கு செய்யும் வேலையைக் குழாய் செய்யாது. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசு வடித்து அனுப்புவது மூக்கு. சோளகக் காற்று மண்ணை வாரி அடிக்கும் நெடுந்தீவில் நேரே நெஞ்சுக்குள் போகும் காற்று சளியை இறுக்கிவிடும். ஆகவே குழாயின் வாயை ஈரமான மெல்லிய துணியாலோ அதற்கென உள்ள வடிகட்டியாலோ மூடுங்கள். உட்குழாய் உள்ள வகையென்றால் அதைத் தினமும் பலமுறை கழற்றிக் கழுவ வேண்டும். சளி உறிஞ்சும்போது, வைத்தியசாலையில் அளந்து காட்டிய ஆழத்துக்கு மேல் விடாதீர்கள். வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கள். 10 செக்கனுக்குள் முடியுங்கள். கிணற்றடியில் தலையில் வாளித் தண்ணீர் ஊற்றுவதும் கடற்குளிப்பும் கூடவே கூடாது.

அப்புவால் கூப்பிட முடியாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையெட்டும் இடத்தில் ஒரு மணி வையுங்கள். எழுதத் தெரிந்தவருக்குப் பழைய சிலேட் ஒன்று போதும்; எங்கள் வீட்டுப் பரண்களில் அதற்குப் பஞ்சமில்லை.

இரவில் குழாய் அடைத்தால் என்ன செய்வது? 1990க்கு அழையுங்கள். ஆனால் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் நடுவே படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் இருக்கிறது. மூச்சு அடைத்தவருக்கு இருப்பது சில நிமிடம். முதலில் உட்குழாயைக் கழற்றுங்கள்; பலவேளை அதோடு மூச்சு வந்துவிடும். பிறகு உறிஞ்சுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வெளிக்குழாயை எடுத்து மாற்றுக்குழாய் போட வேண்டும். இதை வாட்டிலேயே, தாதியின் கண்முன்னே, உங்கள் கையால் செய்து பார்க்காமல் நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் இருவர் பழகியிருக்க வேண்டும். ஒருவர் சந்தைக்குப் போனாலும் மற்றவர் இருப்பார். அதே அளவுக் குழாய் ஒன்றும் ஓர் அளவு சிறியது ஒன்றும் தலைமாட்டில் இருக்கட்டும். குரல்வளை முழுவதும் எடுக்கப்பட்டவர் கழுத்தால் மட்டுமே சுவாசிக்கிறார். அவருக்கு முகத்தில் ஒட்சிசன் வைத்துப் பயனில்லை. அம்புலன்சில் வருபவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் தோழிகள், சளி உறிஞ்சும் இயந்திரம் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். அனுப்புங்கள், பற்றறியில் ஓடுவதாகப் பார்த்து. ஆனால் எங்களுக்கு அடிக்கடி தட்டுப்படுவது சின்னச் சாமான்களே: உறிஞ்சு குழாய்கள், கழுத்து நாடா, மின்சாரமில்லாமல் காலால் மிதித்து இயக்கும் பம்பி. வெறும் இயந்திரம் மட்டும் வந்தால் அது அலுமாரிக்குள் போய்விடும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

குழாய்கள் சிலவும் ஒரு பயிற்சிப் பொம்மையும் கொண்டுவந்திருக்கிறோம். தேநீருக்குப் பிறகு பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு வாருங்கள். ஒவ்வொருவராகக் கழற்றிப் பூட்டிப் பார்க்கலாம்.